ஓடாமலே பதில் சொல்லும் நிரல்

நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் மூலநிரலை இறக்கி அதன் தலைமை அடைவைத் திறந்தால், பின், காமன், லிப், சிஸ், டூல்ஸ் என்று குட்டிக் குட்டிப் பெயர்களாக நிற்கும் வரிசையில் பில்ட்.எஸ்ஹெச் என்று ஒரு கோப்பு கண்ணில் படும். ஷெல் ஸ்கிரிப்ட்தான். டாட் வியர்லிங், லூக் மியூபர்ன் ஆகிய இருவரின் கைவண்ணம். 2002இல் வெளியான 1.6 பதிப்போடு எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது. எந்தக் கணினிக்கு என்று ஒரே ஒரு பெயரை அதனிடம் சொல்ல வேண்டும். ‘வாக்ஸ்’ எனலாம், 1977இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் அறிமுகப்படுத்திய அந்தப் பழம்பெரும் குடும்பம். ‘ட்ரீம்காஸ்ட்’ எனலாம், 1998இல் சேகா ஜப்பானில் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டி. சொல்லிவிட்டு உங்கள் சாதாரண மடிக்கணினியை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். கெர்னல், லைப்ரரிகள், நூற்றுக்கணக்கான கட்டளைகள், கையேட்டுப் பக்கங்கள், கடவுச்சொல் கோப்பு, நிறுவுவதற்கான டிஸ்க் இமேஜ் என்று ஒரு முழு இயங்குதளமும் ஆகி வந்து நிற்கும். அதில் உள்ள ஒரு கட்டளைகூட, அதை ஆக்கிய மடிக்கணினியில் ஓடாது. எல்லாமே தொலைவில் இருக்கும் இன்னொரு பிராசசருக்காகப் பிறந்தவை.

ஒரு பிராசசரில் உட்கார்ந்துகொண்டு வேறொரு பிராசசருக்கான இயந்திரமொழியை ஆக்குவதைக் கிராஸ் கம்பைல் என்கிறோம். நாற்றங்காலில் பாவி, வேர்விட்ட பிறகு பிடுங்கி வேறு வயலில் நடுகிற வேலை. வாக்ஸின் சொந்த வயலிலேயே விதைத்தால் அறுவடைக்கு நாள்கணக்கில், பழைய மாடல்களில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ட்ரீம்காஸ்டுக்கோ 16 மெகாபைட் நினைவகம், ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. இன்றைய பெரிய கம்பைலர் ஒன்று அங்கே மூச்சுவிடக்கூட இடமில்லை. இந்தத் தேவையில்தான் வேலை தொடங்கியது. ஆனால் தேவை தீர்ந்த பிறகும் கைகள் நிற்காமல் இழைத்துக்கொண்டே போயிருக்கின்றன. அந்த இழைப்பைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

இந்தக் கலைக்கு எழிலான ஒரு முன்கதை உண்டு. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யுனிக்ஸை எழுதத் தொடங்கியபோது, அது ஓட வேண்டிய பிடிபி-7 கணினியில் அவர் நிரல் எழுதவில்லை. ஜிஇ-635 என்ற பெரிய இயந்திரத்தில் அதன் அசெம்பிளருக்கான மேக்ரோக்களைக் கொண்டு எழுதினார். அந்த இயந்திரத்தின் சொல் 36 பிட். பிடிபி-7இன் சொல் 18 பிட். எழுதியது துளைகளாகக் காகித நாடாவில் இறங்கும். நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு பிடிபி-7 இருக்கும் இடத்துக்கு நடந்து போய் ஊட்டிப் பார்ப்பார்கள். ஒரு சின்ன கெர்னல், ஒரு எடிட்டர், ஒரு அசெம்பிளர், ஓர் எளிய ஷெல், கோப்பை அழிக்க, காட்ட, நகலெடுக்க ஒன்றிரண்டு கட்டளைகள் ஆகிற வரை இந்த நாடா ஊர்வலம் நடந்தது. அதன் பிறகுதான் யுனிக்ஸ் தன் சொந்த வீட்டிலேயே தன்னைக் கட்டிக்கொள்ளும் வல்லமை பெற்றது. யுனிக்ஸ் வம்சத்தின் முதல் குழந்தையே வேற்று இயந்திரத்தின் மடியில் பிறந்ததுதான். நெட்பிஎஸ்டி அந்த வம்சத்தில் 1993இல் வந்த கிளை.

இனி, எத்தனை விதமான பிராசசர்களுக்கு இந்த ஒரே மூலநிரல் முகம் கொடுக்கிறது என்று பாருங்கள். சிஸ் அடைவுக்குள் ஆர்ச் என்று ஓர் உள்ளறை. அமிகா, அட்டாரி, மேக்பிபிசி, ஸ்பார்க்64, லூனா68கே, எக்ஸ்68கே, வாக்ஸ் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கணினி வகைகள் அங்கே ஆளுக்கோர் அடைவில் குடியிருக்கின்றன. கணினிக்கு ஒரு பெயர், அதன் உள்ளே இருக்கும் பிராசசர் இனத்துக்கு இன்னொரு பெயர் என்று இரண்டையும் பிரித்து வைத்த நுட்பம் முதலில் மனத்தைத் தொடுகிறது. அமிகாவும் அட்டாரியும் பழைய மேக்கின்டாஷும் பார்வைக்கு எவ்வளவு வேறு! மூன்றின் நெஞ்சிலும் மோட்டரோலாவின் 68000 குடும்பம்தான். ஆகையால் கட்டளைகளுக்கும் லைப்ரரிகளுக்கும் ஒரே ஆக்கம் மூன்றுக்கும் பொது. கெர்னலும் பூட் நிரலும்தான் தனித்தனி. எது பொது, எது தனி என்று இவ்வளவு தெளிவாகக் கோடு போட்டு வைத்திருப்பதைப் படிக்கும்போது, பழைய கல்தச்சர் கணக்கைப் பார்க்கிற நிறைவு வருகிறது.

பிராசசர்களின் சுபாவங்களோ நாடகப் பாத்திரங்களைப் போலப் பலவகை. ஒன்று என்ற எண்ணை நான்கு பைட்டில் எழுதச் சொன்னால், ஸ்பார்க் மூன்று பூஜ்ஜியங்களை முன்னே விட்டு ஒன்றைக் கடைசியில் வைக்கும். இன்டெல் வகை ஒன்றை முதலில் வைத்துப் பூஜ்ஜியங்களைப் பின்னே நிறுத்தும். 1970களின் பிற்பகுதியில் யுனிக்ஸ் பிடிபி-11ஐ விட்டு வேறு கணினிகளுக்குக் குடிபெயரத் தொடங்கியபோது இந்த வரிசை மாற்றம் எழுத்துகளையே புரட்டிப் போட்டது; இரண்டு இரண்டு பைட்டாக இடம் மாறிப் படிக்கப்பட்டால் ‘யுனிக்ஸ்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் ‘நுக்ஸி’ ஆகிவிடும். நுக்ஸி பிரச்சினை என்று அந்தக் குழப்பத்துக்குப் பெயரே நிலைத்துவிட்டது. வாக்ஸின் நினைவகப் பக்கம் 512 பைட்தான். நெட்பிஎஸ்டி அதில் எட்டைச் சேர்த்து 4096 பைட்டை ஒரு பக்கமாகப் பாவித்துக்கொள்கிறது. வாக்ஸின் தசம எண்களோ உலகம் பின்னாளில் ஒப்புக்கொண்ட ஐஇஇஇ 754 வடிவத்துக்கு முந்தியவை. முடிவிலி என்ற மதிப்பே அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு நிரலில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டு என்று எழுதியிருந்தால், கம்பைலர் அதை அப்போதே கூட்டி விடையை மட்டும் வைத்துவிடும். ஓடும்போது வாக்ஸுக்கு வேலை மிச்சம். ஆனால் கூட்டுகிற கம்பைலர் இருப்பது உங்கள் மடிக்கணினியில். அதன் பிராசசருக்குத் தெரிந்தது ஐஇஇஇ கணக்கு. கைக்கெட்டும் தூரத்தில் அவ்வளவு வேகமான தசமக் கணக்குச் சாதனம் இருந்தும் ஜிசிசி கம்பைலர் அதை நாடுவதில்லை. ரியல்.சி என்ற கோப்பில் தனக்கென்று ஒரு மென்பொருள் கணக்குமுறையை வைத்திருக்கிறது. எண்ணை இலக்கம் இலக்கமாகத் தானே கூட்டி, பெருக்கி, கடைசியில் எந்தப் பிராசசருக்கோ அந்தப் பிராசசரின் வடிவத்துக்கு விடையை வடித்துக் கொடுக்கிறது. வாக்ஸின் எஃப், டி, ஜி என்ற மூன்று வடிவங்களும் அந்தக் கோப்பில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. அருகில் இருப்பவனிடம் கேட்காமல், தொலைவில் இருப்பவன் எப்படி எண்ணுவான் என்று கருதிக் கணக்குப் போடும் இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது. முழு வேலையின் அழகும் இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது. இங்கே இப்படி இருப்பதால் அங்கேயும் இப்படித்தான் இருக்கும் என்று ஓரிடத்திலும் எண்ணிவிடாத கட்டுப்பாடு. தொடர்ந்து பார்க்கப் போகும் நயங்கள் அத்தனையும் அந்தக் கட்டுப்பாட்டின் கிளைகள்தான்.

டிவைஸ் டிரைவர்களில் அது பஸ் ஸ்பேஸ் என்ற இடைமுகமாக வெளிப்படுகிறது. நெட்வொர்க் கார்டு ஒன்றின் டிரைவரை எழுதுகிறவர், கார்டின் பதிவகத்தை நேராகத் தொடுவதில்லை. நான்கு பைட் படித்துக் கொடு என்று பஸ் ஸ்பேஸிடம் கேட்கிறார். பைட் வரிசையைத் திருப்புவதா, முகவரியை எப்படிக் கணக்கிடுவது என்பதையெல்லாம் அந்தந்தக் கணினியின் அடைவு பார்த்துக்கொள்ளும். அதே டிரைவர், ஓர் எழுத்தும் மாறாமல், ஆல்ஃபாவிலும் ஸ்பார்க்64இலும் பிசியிலும் கம்பைல் ஆகிறது.

சரி, பில்ட்.எஸ்ஹெச் ஓடத் தொடங்கியதும் முதலில் என்ன செய்கிறது? தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே வடித்துக்கொள்கிறது. மடிக்கணினியில் லினக்ஸ் இருக்கலாம், மேக்ஓஎஸ் இருக்கலாம். நிரல்களைக் கட்டித் தரும் மேக் கட்டளை அங்கே வேறு இனமாக இருக்கலாம். ஆகவே முதல் காரியம், அங்கிருக்கும் சி கம்பைலரைக் கொண்டு தன் சொந்த மேக் கட்டளையை ஆக்கி, அதற்கு என்பிமேக் என்று பெயரிடுவது. பிறகு அந்த என்பிமேக்கை வைத்து மற்ற கருவிகள். என்பிசெட், என்பிஆக், என்பிஎம்4, என்பியாக் என்று எல்லாவற்றின் நெற்றியிலும் ‘என்பி’ என்ற சிறிய திலகம். தேதியைக் காட்டும் டேட் கட்டளையைக்கூட, தனக்கு இடம் தந்து விருந்தளிக்கும் அந்தக் கணினியிடமிருந்து இரவல் வாங்காமல் என்பிடேட் என்று கையோடு கொண்டுவருகிறது. ஓர் ஊரின் செட் கட்டளைக்கும் இன்னோர் ஊரின் செட் கட்டளைக்கும் இருக்கும் நுண்ணிய பேதங்களில் எத்தனை பெரிய மென்பொருள்கள் கால் தடுக்கி விழுந்திருக்கின்றன என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

டூல்ஸ் அடைவுக்குள் காம்பாட் என்று ஒரு மூலை இருக்கிறது. தவறாமல் பாருங்கள். பிஎஸ்டி உலகத்தில் இயல்பாகக் கிடைக்கும் சில ஃபங்ஷன்கள் வேறு சில கணினிகளில் இருக்காது. அந்த மூலையில் அவற்றுக்கெல்லாம் மாற்று எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள். விருந்தளிக்கும் கணினியில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒருமுறை மெல்லச் சோதித்து, இல்லாததை மட்டும் தன் மூட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஓரளவு ஒழுங்கான ஒரு ஷெல், ஒரு சி கம்பைலர், ஒரு சி பிளஸ் பிளஸ் கம்பைலர்; விருந்தினன் கேட்பது அவ்வளவுதான். நிர்வாகியின் கடவுச்சொல்லைக்கூடக் கேட்பதில்லை. அந்தச் சங்கதிக்குப் பிறகு வருகிறேன்.

கருவிகளுக்குப் பின் கிராஸ் கம்பைலர் தயாராகும். அதன் பெயரிலேயே அது யாருக்காக உழைக்கிறது என்று எழுதியிருக்கும். ஆர்ம் 64 பிட்டுக்கானது என்றால் பெயரின் தொடக்கத்திலேயே அந்தப் பிராசசர், அடுத்து நெட்பிஎஸ்டி, கடைசியில்தான் ஜிசிசி. பிறகு ஒரு வெற்று அடைவு. அதுதான் வரப்போகும் இயங்குதளத்தின் மனை. கம்பைலருக்கு ஒரே கட்டளை: எந்த ஹெடர் கோப்பைத் தேடினாலும் இந்த மனைக்குள் தேடு, எந்த லைப்ரரியை இணைத்தாலும் இங்கிருந்து இணை, வெளியே எட்டிப் பார்க்காதே. மனையோ காலியாக இருக்கிறதே! அதனால் வரிசை முக்கியம். முதலில் அடைவுகளின் எலும்புக்கூடு. அடுத்து ஹெடர் கோப்புகள். பிறகு, மெயின் ஃபங்ஷன் அழைக்கப்படுவதற்கு முன்னால் ஓடும் தொடக்கத் துணுக்குகள். அதற்கு மேல் கம்பைலரின் துணை லைப்ரரி, அதன்மேல் சி லைப்ரரி, அதன்மேல் மற்ற லைப்ரரிகள், கடைசியில் கட்டளைகள். கீழே உள்ளது நிலைத்த பிறகே மேலே உள்ளது எழும். மடிக்கணினியின் லினக்ஸ் ஹெடர் ஒன்று தப்பித்தவறி உள்ளே நுழைந்தாலும் கட்டடம் முழுதும் பிசகிவிடும். நுழைவதில்லை. அந்தத் தூய்மையை ஒவ்வொரு முறையும் காணும்போது மனம் நெகிழ்கிறது.

இந்த மாளிகையில் எனக்கு மிக மிகப் பிடித்த தூண் ஒன்று உண்டு. ஜென்அசிம் என்று பெயர். அதைப் பார்க்க முதலில் சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கெர்னலின் பெரும்பகுதி சி மொழியில் இருக்கிறது. ஆனால் ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்குத் தாவும் இடம், குறுக்கீடு வந்து விழும் இடம் போன்ற சில உயிர்நிலைகள் அசெம்பிளியில்தான் எழுதப்பட வேண்டும். அந்த அசெம்பிளிக்கு, சி மொழியில் வரையறுத்த ஒரு ஸ்ட்ரக்சரில் குறிப்பிட்ட ஓர் உறுப்பு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். 32 பிட் பிராசசரில் பாயின்டருக்கு நான்கு பைட். 64 பிட்டில் எட்டு. ஆகவே ஒரே ஸ்ட்ரக்சர் ஒவ்வொரு பிராசசரிலும் ஒவ்வொரு விதமாக நீளும், சுருங்கும். இந்த எண்ணை எப்படி அறிவது? சொந்த வீட்டில் கட்டும்போது வழி எளிது. இடத்தைக் கணக்கிட்டு அச்சடிக்கும் சின்ன சி நிரல் ஒன்றை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்தால் எண் வந்து விழும். கிராஸ் கம்பைலில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வாக்ஸுக்கு ஆக்கிய நிரல் இங்கே ஓடாது. இங்கே ஓடும்படி ஆக்கினால் அது சொல்லும் எண் மடிக்கணினிக்கான எண், வாக்ஸுக்குப் பொய்.

விடை எவ்வளவு ஒயிலானது பாருங்கள். ஜென்அசிம் ஒரு சி நிரலை எழுதுகிறது. அந்த நிரலில் வரிக்கு வரி, அசெம்பிளியில் இந்தத் துண்டை அப்படியே வை என்று கம்பைலரிடம் சொல்லும் ஆணை. அந்தத் துண்டில் முதலில் ‘எக்ஸ்ஒய்இசட்இசட்ஒய்’ என்ற ஒரு மாயச்சொல், அடுத்து உறுப்பின் பெயர், அடுத்து அந்த இடத்தின் மதிப்பு. மதிப்பு மாறிலியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் சேர்ந்திருக்கும். இந்த நிரலை வாக்ஸுக்கான கிராஸ் கம்பைலரிடம் கொடுத்து, இயந்திரமொழி வரை போகாதே, அசெம்பிளி எழுத்தோடு நின்றுகொள் என்று கேட்டுக்கொள்கிறது. கம்பைலர் தன் கடமையைச் செய்கிறது: வாக்ஸில் அந்த உறுப்பு எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு, எண்ணைத் துண்டில் பதித்து, அசெம்பிளிக் கோப்பில் எழுதிவிடுகிறது. அந்த மாயச்சொல் எந்தப் பிராசசரின் கட்டளையும் அன்று. அசெம்பிளர் அதைக் கண்டால் திகைத்துப் போகும். ஆனால் அசெம்பிளர் அதைக் காணப்போவதே இல்லை! செட் கட்டளை அந்தக் கோப்பைப் படித்து, மாயச்சொல் இருக்கும் வரிகளை மட்டும் பொறுக்கி, அந்தச் சொல் இருந்த இடத்தில் ‘டிஃபைன்’ என்று எழுதிவிடுகிறது. கெர்னலின் அசெம்பிளி சேர்த்துக்கொள்ள வேண்டிய ஹெடர் கோப்பு தயார்.

நிரல் எழுதப்பட்டது, அரைவாசி கம்பைல் ஆனது, ஒருபோதும் ஓடவில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்கு எல்லாம் சரியான பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஓட்டிப் பார்த்துத்தான் அறிய முடியும் என்று நாம் நினைத்திருந்த உண்மை, கம்பைலரின் மனத்துக்குள் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லவைக்க ஒரு சூட்சுமம்தான் தேவைப்பட்டது. இதைவிடக் குறைந்த பொருளில் இதைவிட நிறைந்த வேலையை நான் அதிகம் கண்டதில்லை. அதிலும் ஒரு சிறு அக்கறையைக் கவனியுங்கள். மாறிலியை எழுதும்போது 68000 அசெம்பிளியில் முன்னால் ஹாஷ் குறி வரும். இன்டெல்லிலும் வாக்ஸிலும் டாலர் குறி. செட் கட்டளை அந்த இரண்டையும் முன்னதாகவே துடைத்துவிடுகிறது, எந்தப் பிராசசரிலிருந்து வந்த எண்ணும் வெறும் எண்ணாக நிற்கும்படி. அந்த மாயச்சொல்கூட 1970களின் அட்வென்ச்சர் என்ற குகை விளையாட்டிலிருந்து வந்தது. உச்சரித்தால் ஆட்டக்காரரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் கொண்டு சேர்க்கும் மந்திரம் அங்கே அது. எழுதியவர் கையின் குறும்பு இன்னும் அதில் ஈரமாக இருக்கிறது.

ஜென்அசிம் தன் கேள்விகளைத் தானே அமைத்துக்கொள்கிறது. ஆனால் ஜிசிசி போன்ற குனு மென்பொருள்களுக்குக் கன்ஃபிகர் என்ற பழக்கம் உண்டு. கட்டும் முன் நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கணினியிடம் கேட்டுப் பார்ப்பார்கள். சிலவற்றைச் சிறு நிரல்களை ஓட்டியே கேட்பார்கள். நெட்பிஎஸ்டிக்காரர்கள் இதற்குக் கண்ட வழி பொறுமையின் வழி. ஒவ்வொரு பிராசசருக்கும் அந்தக் கேள்விகளின் விடைகளை ஒருமுறை வடித்தெடுத்து, கோப்புகளாக மூலநிரலுக்குள்ளேயே பிராசசர்வாரியாக அடுக்கி வைத்துவிட்டார்கள். கட்டும் நேரத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கம்பைலரின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஒவ்வொரு பிராசசருக்கும் அந்த அடுக்கைப் புதுப்பிக்க வேண்டும். பெயர் தெரியாமல் போகும் அந்த உழைப்பை வணங்கத் தோன்றுகிறது.

நிர்வாகிக் கடவுச்சொல் பற்றிச் சொல்ல மீதி வைத்திருந்தேன். இயங்குதளத்தின் கோப்புகளுக்கு உரிமையாளர் உண்டு. எஸ்யு கட்டளை ரூட் பயனருக்குச் சொந்தமாக, 4555 என்ற சிறப்பு அனுமதியோடு இருக்க வேண்டும். யார் இயக்கினாலும் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடுகிற அந்த அனுமதியைக் கொண்ட ரூட் கோப்பைச் சாதாரணப் பயனர் ஒருவர் உருவாக்க முடியாது. கன்சோல் போன்ற டிவைஸ் கோப்புகளையும் உருவாக்க முடியாது. பழைய நாளில் இதற்காகவே நிர்வாகியாக நுழைந்துதான் கட்டினார்கள். பில்ட்.எஸ்ஹெச்சிடம் ‘யு’ என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், கோப்புகள் எல்லாம் உங்கள் பெயரிலேயே சாதாரணமாக மனையில் இறங்குகின்றன. கூடவே மெட்டாலாக் என்ற ஓர் உரைக்கோப்பில் இன்ஸ்டால் கருவி வரி வரியாக எழுதிக்கொண்டே போகிறது: இந்தக் கோப்பு, உரிமையாளர் ரூட், குழு வீல், அனுமதி 4555. டிவைஸ் கோப்புகளோ டிஸ்க்கில் இறங்குவதே இல்லை. ஒரு வரி எழுத்தாக மட்டும் வாழ்கின்றன. கடைசியில் அந்த ஏட்டைப் பார்த்துத்தான் டார் கோப்புகளும் டிஸ்க் இமேஜும் வடிக்கப்படுகின்றன. உள்ளே எல்லாருக்கும் உரிய உரிமை, உரிய அனுமதி. அதிகாரத்தை ஒரு கணமும் கையில் எடுக்காமல், அதிகாரம் யாருக்கு என்பதை எழுத்தில் மட்டும் காத்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

டிஸ்க் இமேஜை வடிக்கும் மேக்எஃப்எஸ் என்ற கருவியும் லூக் மியூபர்ன் எழுதியதுதான். ஒரு முழுக் கோப்பு முறைமையை, எதையும் மவுன்ட் செய்யாமல், ஒரு சாதாரணக் கோப்புக்குள் எழுதித் தருகிறது. போகப்போகும் பிராசசருக்கு எந்தப் பைட் வரிசை வேண்டுமோ அந்த வரிசையிலேயே. கடவுச்சொல் தரவுத்தளத்தை ஆக்கும் பிடபிள்யுடி எம்கேடிபி என்ற எளிய கருவிக்குக்கூட எந்தப் பைட் வரிசையில் எழுதுவது என்று தேர்ந்துகொள்ள இரண்டு ஆப்ஷன்கள். முதல்முதலாக அந்தக் கணினி கண்விழித்து யார் நீ என்று கேட்கப்போகும் நொடிக்கான ஏற்பாடு அது. பூட் துணுக்கை இமேஜின் தலையில் பதிக்கும் இன்ஸ்டால்பூட்டும் அப்படியே. எந்தக் கணினிக்கு என்று கேட்டுக்கொண்டு, இங்கே இருந்தபடியே எழுதிவிடும்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் ஒரு கனி கிடைத்தது. 2017 பிப்ரவரியில் கிறிஸ்டோஸ் சூலஸ் அறிவித்தார்: அதே மூலநிரலை எப்போது கட்டினாலும் எந்த அடைவில் கட்டினாலும், ஏஎம்டி64க்கும் ஸ்பார்க்64க்கும் நெட்பிஎஸ்டி பைட்டுக்குப் பைட் ஒரே மாதிரி வரும். முன்னது, இன்டெல் வகையைப் போல ஒன்றை முதலில் வைக்கும் சிறுவரிசைப் பிராசசர்; பின்னது, ஒன்றைக் கடைசியில் வைக்கும் பெருவரிசைப் பிராசசர். கோப்புகளில் ஒட்டிக்கொள்ளும் நேர முத்திரை, பிழைத்திருத்தத் தகவலில் பதியும் அடைவுப் பெயர், கோப்புகள் அடுக்கப்படும் வரிசை என்று கட்டியவரின் வீட்டு வாசனை வீசிய ஒவ்வொரு துளியையும் தேடித் தேடித் துடைத்ததன் பலன். விருந்தளித்த கணினியின் நிழல்கூட விழாத படைப்பு. யாரும் தானே கட்டிப் பார்த்து, வெளியிடப்பட்டது உண்மைதானா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்றைக் காட்டாமல் விட மனமில்லை. அந்த மனைக்குள் இறங்கும் கட்டளைகளில் ஒரு ஜிசிசியும் உண்டு. இதுவரை உழைத்த கிராஸ் கம்பைலரோ மடிக்கணினியில் ஓடுவது. உள்ளே இறங்குவது மடிக்கணினியில் கட்டப்பட்டு, வாக்ஸில் ஓடி, வாக்ஸுக்கே நிரல் ஆக்கித் தரப்போகும் இன்னொரு கம்பைலர். காகித நாடாவைச் சுமந்த நாளில் பிடிபி-7க்குத் தாம்சன் கொண்டுபோய்ச் சேர்த்த அசெம்பிளரின் இடத்தில் இன்று இது இருக்கிறது. எவ்வளவு மெதுவாக ஆனாலும், அந்தக் கணினி இனி யார் தயவும் இல்லாமல் தன்னைத் தானே கட்டிக்கொள்ளலாம்.

நெட்பிஎஸ்டி 10.0 பதிப்பு 2024 மார்ச்சில் வெளியானது. மூலநிரல் யாருக்கும் இலவசம். உங்கள் மடிக்கணினியில் கம்பைலரும் சில கிகாபைட் டிஸ்க் இடமும் இருந்தால் முதலில் டூல்ஸ் மட்டும் கட்டிப் பாருங்கள். கட்டி முடிந்ததும், ஆக்கப்பட்ட கருவிகள் இறங்கும் அடைவில் என்பிமேக் என்று தொடங்கி உங்கள் இலக்குக் கணினியின் பெயரில் முடியும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கிடைக்கும். மூலநிரலின் எந்தக் கட்டளையின் அடைவிலும் நின்று அதை அழைத்தால், அந்த ஒன்றை மட்டும் இலக்குக் கணினிக்கு ஆக்கித் தரும். வாக்ஸ் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. சிம்ஹெச் என்ற எமுலேட்டரில் அந்த இமேஜ் ஓடும். அதற்கும் நேரம் இல்லாதவர்கள் யுஎஸ்ஆர் பின் அடைவுக்குள் ஜென்அசிம் கோப்பை மட்டுமாவது திறந்து படியுங்கள். சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்தான். ஒரு காபி நேரத்தில் படித்துவிடலாம்.